பச்சைத் தண்ணிய இறைச்சுக் கொட்டாதீங்க

கடலூர்ல வெயில் ஏற ஆரம்பிச்சுட்டா, வீட்டுப் பின்னாடி சின்னதா தொட்டி கட்டி கோல்ட்ஃபிஷ் விட்டிருக்கறவங்க எல்லார்கிட்ட இருந்தும் எனக்கு ஒரே கேள்விதான் வரும். தண்ணி பச்சையாயிடுச்சு, மீனே தெரியல, என்ன பண்றது? மாசி கடைசியில லேசா இளம்பச்சையா ஆரம்பிக்கும், பங்குனி பாதியில அடித்தரை மறைஞ்சிடும், கத்திரி வர்றதுக்குள்ள கீரை கடைஞ்ச சட்டி மாதிரி ஆயிடும், தீனி போட்டா மட்டும் ஆரஞ்சு கலர்ல ஒரு வாய் மேல வந்து கவ்விட்டு மறுபடி உள்ள போயிடும். இதுக்கு அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்ற வைத்தியம் மொத்தத் தண்ணியையும் இறைச்சுக் கொட்டு, தொட்டிய பிரஷ் போட்டுத் தேய், புதுத் தண்ணி விடு அப்படிங்கறதுதான். நான் இங்க சொல்ல வர்றது அதுக்கு நேர் எதிர். இறைக்காதீங்க. பச்சைத் தண்ணி தெளியாம இருக்கறதுக்கே பாதி வீடுகள்ல காரணம் அந்த இறைப்புதான்.

புதுப்பாளையத்துல எங்க அக்கா வீட்டுக் கதைய வச்சே சொல்றேன், ஏன்னா அங்க எல்லாமே ஒரே இடத்துல இருந்துச்சு. அந்த வீட்டுக் கொல்லையில பெரிய மாமரம் ஒண்ணு நின்னுது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரைய கடந்தப்ப அது வேரோட சாஞ்சுடுச்சு, நம்ம பக்கம் அன்னைக்கு விழாத மரத்த எண்ணிடலாம், பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் போனது தனி சோகம். மரம் நின்ன இடம் ரொம்ப வருஷம் வெட்டவெளியா கிடந்துச்சு. மாமா ரிட்டயர் ஆனதும் அந்த இடத்துல ஆறடி நீளம், நாலடி அகலம், ரெண்டடி ஆழத்துல ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினாரு. கணக்குப் போட்டா 48 கன அடி, கிட்டத்தட்ட 1,350 லிட்டர். அதுல கோல்ட்ஃபிஷ் விட்டாரு, பேரப்புள்ளைங்க லீவுக்கு வந்தா பாக்கட்டும்னு. நிழல் கொடுத்த மரம் போன அதே இடத்துல, காலையில எட்டு மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் நேர் வெயில்.

அவரு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மோட்டார் போட்டு இறைச்சிடுவாரு. மீன பக்கெட்ல எடுத்து வச்சு, சுவத்த பளிச்சுனு தேய்ச்சு, போர் தண்ணி நிரப்பி, திரும்ப மீன விடுவாரு. திங்கக்கிழமை கண்ணாடியா இருக்கும். வியாழக்கிழமை பச்சை. "என்ன மாப்ள, இவ்ளோ சுத்தம் பண்றேன், நாலு நாள் கூட தாங்க மாட்டேங்குதே"ன்னு எனக்கு போன் பண்ணாரு. நாலு நாள்ங்கறது அவருக்கு எரிச்சலா இருந்துச்சு, ஆனா அது சரியான கணக்கு. எவ்வளவு தேய்ச்சாலும் சுவத்து சொரசொரப்புலயும் அடியில நிக்கற தண்ணியிலயும் பத்துல ஒரு பங்கு பாசி மிச்சம் இருக்கும்னு வச்சுக்கங்க. இந்த ஒத்த செல் பாசி நல்ல வெயிலும் சாப்பாடும் கிடைச்சா ஒரு நாளைக்கு ரெண்டு மடங்கா பெருகும், சில வகை அதவிட வேகமா. பத்துல ஒண்ணு மறுநாள் ரெண்டு, அப்புறம் நாலு, அப்புறம் எட்டு, நாலாவது நாள் பழைய அளவ தாண்டிடும். ஒண்ணுகூட மிச்சம் இல்லாம கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவினாலும் காத்துலயும் காக்கா கால்லயும் மறுபடி வந்து சேரும். பாசிய துரத்தி ஜெயிக்க முடியாது, அதுக்குப் போற சாப்பாட்டத்தான் நிறுத்த முடியும்.

முதல்ல அந்தப் பச்சை என்னன்னு பாக்கணும். ஒரு கண்ணாடி டம்ளர்ல தொட்டித் தண்ணிய மொண்டு வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. சேறு கலங்கியிருந்தா அரை நாள்ல அடியில படியும், மேல தெளியும். பச்சைத் தண்ணி அப்படி சீக்கிரம் படியாது, முழு டம்ளரும் ஒரே சீரா பச்சையாவே நிக்கும், கண்ணுக்கு ஒரு துகளும் தனியா தெரியாது. ஏன்னா குளோரெல்லா மாதிரி பாசி ஒவ்வொண்ணும் சில மைக்ரான்தான், நம்ம தலைமுடி கனத்துல பத்துல ஒரு பங்கு அளவு. அதனாலதான் கடையில வாங்கற சாதா ஸ்பாஞ்ச் ஃபில்டர் வழியா அது தாராளமா புகுந்து வந்துடும், ஃபில்டர் போட்டும் தெளியலன்னு புலம்பறவங்க இத தெரிஞ்சுக்கணும். சுவத்துல வழவழன்னு ஒட்டியிருக்கற பாசி வேற, கையில சுருட்டி எடுக்கற மாதிரி நூல் நூலா வர்ற பாசி வேற. அந்த ரெண்டும் இருந்தா பயப்பட ஒண்ணும் இல்ல, நூல் பாசிய ஒரு குச்சியில சுத்தி எடுத்துப் போட்டா போதும், சுவத்துப் பாசிய மீன் கொத்தித் தின்னும்.

இதுக்கு சாப்பாடு எங்கிருந்து வருது? வெயில் ஒண்ணு. மீதி எல்லாம் நம்ம கையால போடறது. கோல்ட்ஃபிஷ்க்கு வயிறுன்னு தனியா ஒரு பை கிடையாது, குடல் மட்டும்தான், அதனால கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா மேயற மீன் அது, எப்பப் போனாலும் வாயத் திறந்துக்கிட்டு மேல வரும், அதப் பாத்து பசிக்குதுன்னு நினைச்சு மறுபடி போடறோம். அக்கா வீட்டுல மாமா காலையில ஒரு கை பெல்லெட் போடுவாரு, அவங்க அம்மா மத்தியானம் பொரி போடுவாங்க, கோயில் குளத்துல மீனுக்குப் பொரி போட்ட பழக்கம், புண்ணியம்னு மனசார போடறாங்க, சாயங்காலம் அக்கா பிரெட் ஓரத்த பிச்சுப் போடும். மூணு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர். பொரி கொஞ்ச நேரம் மிதக்கும், அப்புறம் ஊறி அடியில போயிடும், அங்க அழுகும். தின்ன தீனியில இருக்கற புரதமும் கடைசியில செவுள் வழியா அமோனியாவா தண்ணிக்குத்தான் வருது. தீனியில இருக்கற பாஸ்பரஸும் கழிவா வருது. நைட்ரஜனும் பாஸ்பரஸும், அதாவது வயலுக்குப் போடற யூரியா, டிஏபியில இருக்கற அதே சரக்கு, தொட்டியில தினமும் கரையுது. அதுமேல முழு நாள் வெயில். பாசி வளராம என்ன பண்ணும்?

இப்ப இறைப்போட பிரச்சனைக்கு வர்றேன், இதுதான் பலபேருக்குத் தெரியறதில்ல. மீன் விடற அமோனியாவ தின்னு நைட்ரைட்டாக்கற பாக்டீரியா ஒரு கூட்டம் இருக்கு, அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டாக்கற இன்னொரு கூட்டம் இருக்கு. அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட் அந்த அளவுக்கு இல்ல. இந்த ரெண்டு கூட்டமும் தண்ணியில அவ்வளவா மிதக்கறதில்ல, சுவர், கல்லு, ஃபில்டர் ஸ்பாஞ்ச்னு எங்கயாவது ஒட்டித்தான் குடும்பம் நடத்தும், ஒரு புதுத் தொட்டியில அது நிலைக்க நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சுவத்த பிரஷ் போட்டுத் தேய்ச்சா அந்தக் குடும்பமே போச்சு. அப்புறம் அமோனியாவ எடுத்துக்க பாசி மட்டும்தான் மிச்சம். அந்தத் தொட்டியில மீனு உசுரோட இருந்ததுக்கே அந்தப் பச்சைதான் காரணம்னு நான் மாமாகிட்ட சொன்னப்ப அவருக்கு நம்பிக்கை வரல. சொட்டு விட்டுப் பாக்கற டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிட்டுப் போய் இறைச்ச மறுநாள் தண்ணியையும் வியாழக்கிழமை தண்ணியையும் அவர் கண்ணு முன்னாடி பாத்தோம். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணியில அமோனியா ஏறியிருந்துச்சு, பச்சைத் தண்ணியில ரொம்பக் கம்மி. அன்னைக்கு அவரு மோட்டார் வயர சுருட்டி உள்ள வச்சாரு.

அதுக்காக பச்சைய அப்படியே விட்டுடலாமான்னா, அதுவும் நம்ம ஊர் வெயில்ல கூடாது. பகல்ல பாசி தண்ணியில இருக்கற கார்பன் டை ஆக்சைட உறிஞ்சிக்கும், அதனால பிஎச், அதாவது தண்ணியோட காரத்தன்மையக் காட்டற எண், ஏறும், நல்லா பச்சையான தொட்டியில மத்தியானம் 9 தாண்டறது சகஜம். பிஎச் ஏறினா அமோனியா ரொம்பக் கெட்டதா மாறும். 30 டிகிரி சூட்டுல பிஎச் 7ல இருக்கறப்ப விஷ வடிவ அமோனியா நூத்துல ஒரு பங்கு கூட கிடையாது, 9ல கிட்டத்தட்ட பாதி அந்த வடிவத்துக்கு வந்துடும். ராத்திரியில வேற கூத்து, வெளிச்சம் இல்லாததால பாசி ஆக்சிஜன் விடாது, மீனோட போட்டி போட்டு அதுவே எடுத்துக்கும். சூடான தண்ணியில ஆக்சிஜனே கம்மியாத்தான் கரையும், 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடிக்கற தண்ணி 30 டிகிரியில ஏழரைதான் பிடிக்கும். அதனால பச்சைத் தொட்டிய எப்பப் பாக்கணும்னா விடியறதுக்கு முன்னாடி, அஞ்சு மணிக்கு டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பாக்கணும். மீனெல்லாம் தலைய மேல தூக்கி, வாய் தண்ணியோட விளிம்புல ஒட்டி, டப்டப்புனு சின்னச் சத்தத்தோட காத்து குடிச்சிக்கிட்டு நிக்கும், துடுப்பு மட்டும் மெதுவா ஆடும், டார்ச் அடிச்சாலும் உள்ள ஓடாது. எட்டு மணிக்கு அதே மீன் ஒண்ணும் நடக்காத மாதிரி சுத்தும். காலையில செத்து மிதந்துச்சு, நேத்து சாயங்காலம் நல்லாத்தானே இருந்துச்சுன்னு சொல்ற பல வீட்டுல நடந்தது இதுதான். ஒரு ஏர் பம்ப் ராத்திரி பூரா ஓடினாலே இது பெரும்பாலும் தீந்துடும், மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அத வாங்குங்க.

சரி, அக்கா வீட்டுல என்ன பண்ணோம்னு சொல்றேன். முதல் வேலை நிழல். நர்சரிக்குப் போடற பச்சை ஷேட் நெட், 75 சதவீத நிழல் தர்றது, ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. அத தொட்டிக்கு மேற்குப் பக்கமும் தலைக்கு மேலயும் சவுக்குக் கழி நட்டுக் கட்டினோம், காலை வெயில் மட்டும் ரெண்டு மூணு மணி நேரம் விழற மாதிரி. முழுசா மூடிட வேண்டாம், செடிக்கு வெளிச்சம் வேணும். கறுப்பு தார்ப்பாய் போட்டு நாலு நாள் இருட்டடிச்சா பாசி செத்துடும்னு சிலபேர் சொல்வாங்க, சாகும்தான், ஆனா மே மாசத்துல கறுப்புத் தார்ப்பாய்க்குக் கீழ தண்ணி கொதிக்கும், செத்த பாசி அழுகி இருக்கற ஆக்சிஜனையும் இழுத்துக்கும், நான் அத யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது தீனி. அக்காவோட மாமியார், மாமா, அக்கா மூணு பேரையும் உக்கார வச்சுப் பேசினோம். "அது வாயில்லா ஜீவன்டா தம்பி, பட்டினி போடச் சொல்றியே"ன்னு பாட்டிம்மா கேட்டாங்க. "பட்டினி இல்ல பாட்டிம்மா, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு மட்டும் ரெண்டு வேளை, அதயும் நீங்களே உங்க கையால போடுங்க, வேற யாரும் போடக்கூடாது"ன்னு சொன்னேன். பொறுப்பு அவங்ககிட்டயே போனதும் அவங்க அத மாத்திரை கணக்கா அளந்து போட ஆரம்பிச்சுட்டாங்க. பொரி நின்னுடுச்சு.

மூணாவது ஃபில்டர், இதுல கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இதுக்குத்தான் கடையில பத்தாயிரம் பன்னெண்டாயிரம்னு பயமுறுத்தறாங்க. மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒண்ணு, அம்பது அறுபது லிட்டர். தொட்டி ஓரத்துல செங்கல் அடுக்கி அது மேல டிரம்ம வச்சாச்சு. தொட்டிக்குள்ள மணிக்கு 1,500 லிட்டர் தள்ளற சின்ன நீர்மூழ்கி பம்ப், அத நைலான் வலைப் பைக்குள்ள போட்டுட்டோம், இல்லன்னா குட்டி மீன் மாட்டிக்கும். தொட்டித் தண்ணி மணிக்கு ஒரு தடவையாவது இல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது முழுசா சுத்தி வரணும், அதுதான் அளவு. பம்ப்ல இருந்து வர்ற டியூப் டிரம்முக்கு அடியில இறங்கும், தண்ணி கீழ இருந்து மேல ஏறி வரும், முதல்ல கனமான ஸ்பாஞ்ச் ரெண்டு அடுக்கு, அதுக்கு மேல பாத்திரம் தேய்க்கற நைலான் நார் ஒரு குவியல், அதுக்கு மேல உடைஞ்ச நாட்டு ஓட்டுத் துண்டு. நாட்டு ஓடு சும்மா கிடைக்கும், பழைய வீடு இடிக்கற இடத்துல கேட்டா தருவாங்க, சுட்ட மண்ணுல பாக்டீரியா ஒட்ட ஆயிரம் ஓட்டை இருக்கு. டிரம் நிரம்பி மேல போட்ட பைப் வழியா தொட்டிக்குள்ள சின்ன அருவியா விழும், அந்த விழுகையிலயே காத்தும் கலக்கும். இது இருபத்திநாலு மணி நேரமும் ஓடணும். ராத்திரி கரண்ட மிச்சம் பிடிக்கறேன்னு நிறுத்தினா டிரம்முக்குள்ள இருக்கற பாக்டீரியா மூச்சு முட்டிச் செத்துடும், சின்ன பம்ப்புக்கு ஆகற கரண்ட் ஒரு பழைய குண்டு பல்பு அளவு கூட வராது. வெளியில ஈரத்துல ஓடற கரண்ட் சாமான், அதனால கரண்ட் கசிவு வந்தா டக்குனு கட் ஆகற பிரேக்கர் அந்த லைனுக்கு இருக்கணும், இதுல மட்டும் காசு பாக்காதீங்க.

ஸ்பாஞ்ச கழுவறதுல ஒரு விஷயம். குழாயத் திறந்துவிட்டுக் கழுவக்கூடாது. குடிதண்ணியில குளோரின் இருக்கும், அது பாக்டீரியாவ கொல்லத்தான் போடறது. ஒரு பக்கெட்ல தொட்டித் தண்ணியையே மொண்டு அதுல ஸ்பாஞ்ச அமுக்கிப் பிழியணும். கரும்பழுப்பா, மழைக்கால மண் வாசனையோட கெட்டியா ஒரு சாறு வரும், அத அப்படியே கறிவேப்பிலை செடிக்கு ஊத்துங்க, அந்தச் செடி துளிர்க்கறதப் பாத்தாலே தண்ணியில எவ்வளவு உரம் இருந்துச்சுன்னு புரியும். முதல் சில வாரம் பிழியறப்ப பச்சை அவ்வளவா வராது, ஏன்னா பாசி தனித்தனியா இருக்கறப்ப ஸ்பாஞ்ச்ல நிக்காது. ஓட்டுத் துண்ட தொடவே வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சுல ஒரு பங்கு தண்ணி மட்டும் மாத்தணும், அதுக்கு மேல வேண்டாம். வத்திப்போனதுக்கு மேல மேல ஊத்திக்கிட்டே இருந்தா உப்பு உள்ள தங்கி ஏறும், கடற்கரை ஓரத்து போர் தண்ணிக்கு இது ரொம்ப முக்கியம். குழாய்த் தண்ணின்னா டிரம்ல ஒரு நாள் திறந்து வச்சு குளோரின் போன அப்புறம் ஊத்துங்க, அவசரம்னா மீன் கடையில விக்கற, குளோரின முறிக்கற ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) சொட்டு போதும்.

நாலாவது செடி, எனக்குப் பிடிச்ச பாகம். பாசியோட அதே உரத்துக்குப் போட்டி போட பெரிய செடி வேணும். வேலம்பாசிங்கற தண்ணிச் செடிய போட்டா கோல்ட்ஃபிஷ் ரெண்டு நாள்ல தின்னு காலி பண்ணிடும், அதுக்கு அது காய்கறி. அல்லிய ஒரு பூந்தொட்டியில நட்டு மீன் தொட்டிக்கு அடியில வச்சோம், இலை விரிஞ்சா மேல்பரப்ப மூடும், பாதிக்குக் கொஞ்சம் மேல மூடினா போதும். அப்புறம் வெட்டிவேர். கடலூர்க்காரனுக்கு இது தோணாம இருக்குமா, நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் கடலோர மணல்ல வெட்டிவேர் பயிரே பண்றாங்க. அங்க தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட நாத்து வாங்கிட்டு வந்து, அரை இஞ்ச் பிவிசி பைப்ல சதுரமா சட்டம் கட்டி, ரெண்டு பக்கமும் மூடி போட்டதால அது மிதக்கும், அதுல வலை இழுத்துக் கட்டி, வலைக் கண்ணுல நாத்த சொருகி விட்டோம். தெர்மாகோல் வேண்டாம், மீன் கொத்திக் கொத்தி அது உதிரும். வெட்டிவேர் தண்ணியிலயே வேர் விடும், முதல்ல வெள்ளையா நூல் மாதிரி, அப்புறம் பழுப்பா தாடி மாதிரி தொங்கும், மீன் அதுக்குள்ள பூந்து பூந்து விளையாடும், ஆனா தின்னு தீக்க முடியாது, வேர் முரடு. பக்கத்துல ஆரோவில்ல கழிவுத் தண்ணிய செடி வேர் வழியா விட்டு சுத்தம் பண்ற அமைப்புகள் ரொம்ப வருஷமா ஓடுது, கல்வாழை மாதிரி செடியெல்லாம் அதுல இருக்கும், தத்துவம் அதேதான். ஆனா ஒண்ணு, செடி வளந்துட்டா மட்டும் உரம் தொட்டிய விட்டுப் போயிடாது, அது இலைக்குள்ளதான் இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை வெட்டிவேர் தோகைய அறுத்து வெளிய எடுக்கணும், அல்லியில பழுத்த இலைய கிள்ளி எறியணும், அப்பத்தான் உரம் நிஜமா வெளிய போகுது.

இதெல்லாம் பண்ணியும் தண்ணி உடனே தெளியல. மாமாவுக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை கை அரிக்கும். அதனால ஒரு வேலை கொடுத்தேன். வெள்ளைப் பீங்கான் சாஸர் ஒண்ண நூல்ல தட்டையா கட்டி, தண்ணிக்குள்ள மெல்ல இறக்கி, கண்ணுக்கு மறையற இடத்துல நூல்ல ஒரு முடிச்சு போடணும், வாரத்துக்கு ஒரு தடவை, அதே நேரம், அதே ஓரம். முதல் முடிச்சு ஒரு சாணுக்கும் கம்மி. அடுத்ததும் அங்கயேதான். அப்புறம் விரல் விரலா கீழ இறங்கிச்சு, ஒரு மாசம் கிட்ட ஆனப்ப ஒரு முழம் போச்சு, அதுக்கப்புறம் சட்டுன்னு ஒரு வாரத்துல அடித்தரையே தெரிஞ்சுது. இப்படித்தான் நடக்கும், ரொம்ப நாள் ஒண்ணுமே ஆகாத மாதிரி இருந்துட்டு, பாக்டீரியாவும் வேரும் ஜெயிக்கற புள்ளி வந்ததும் வேகமா தெளியும். அடியில அவரு மறந்தே போன ஒரு சங்கு கிடந்துச்சு, தேவனாம்பட்டினம் பீச்ல பேத்தி பொறுக்கினது.

இப்ப கடையிலயும் தெருவிலயும் சொல்ற மத்த வைத்தியத்தப் பத்தி. சக்கர் மீன் வாங்கி விடு, அது பாசி எல்லாம் தின்னுடும்பாங்க. சக்கர் சுவத்துல ஒட்டின பாசியத்தான் சுரண்டும், தண்ணியில மிதக்கற பச்சைய அதால ஒண்ணும் பண்ண முடியாது, ஒரு அடிக்கு மேல வளரும், பசியில கோல்ட்ஃபிஷ் உடம்புல இருக்கற வழவழப்ப உறிஞ்சப் பாக்கும். வளந்து பெருசானதும் ஏரியில கொண்டுபோய் விட்டுடறாங்க, இன்னைக்கு தமிழ்நாட்டு ஏரிகள்ல வலையில மீனவங்களுக்கு அதுதான் ஏறுது, நாட்டு மீன் குறையுது. தயவுசெஞ்சு வாங்காதீங்க.

படிகாரமும் தேத்தாங்கொட்டையும் நம்ம பாட்டி காலத்துச் சமாச்சாரம், கலங்கின ஆத்துத் தண்ணிய குடத்துல தெளிய வைக்க அருமையானது. பாசியையும் படிகாரம் திரட்டி அடியில தள்ளும்தான். ஆனா அது பிஎச்ச இறக்கும், அளவு கூடினா மீனுக்கு ஆகாது, திரண்டு அடியில விழுந்த பாசிய எடுக்காம விட்டா அழுகி மறுபடி உரமாகி மறுபடி பச்சை. மயில்துத்தம் போடறவங்களும் இருக்காங்க, செம்பு பாசியக் கொல்லும், மீனையும் கொல்லும், நத்தைய கண்டிப்பா கொல்லும். பிளீச்சிங் பவுடர் பத்தி நான் சொல்லவே வேண்டாம். பாட்டில்ல வர்ற பாசி மருந்து எதுவா இருந்தாலும் ஒரே கேள்வி கேளுங்க, இது பாசியக் கொன்னதுக்கு அப்புறம் அந்த அமோனியாவ யாரு எடுத்துக்கறது? பதில் இல்லன்னா கீழ வச்சுட்டு வந்துடுங்க.

யூவி லைட் மட்டும் நான் ஒத்துக்கறேன். அது ஒரு குழாய்க்குள்ள 254 நானோமீட்டர் அல்ட்ரா வயலட் வெளிச்சத்துக்குப் பக்கத்துல தண்ணிய ஓட விடறது, பாசி செல் சேதமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் திரளும், அப்ப ஸ்பாஞ்ச்ல மாட்டும். 1,350 லிட்டருக்கு 9 வாட், 11 வாட் போதும். ஒரு வாரம் ரெண்டு வாரத்துல தண்ணி தெளிஞ்சிடும், விடாம ஓட்டினா பல்ப ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், எரியறது தெரிஞ்சாலும் அந்த வெளிச்சத்தோட வீரியம் குறைஞ்சிடும், நம்ம உப்புத் தண்ணியில உள்ள இருக்கற கண்ணாடிக் குழாய்ல வெள்ளைப் படிவம் ஏறும், அத வினிகர் போட்டுத் துடைக்கணும், எரியற பல்ப நேரா பாக்கவே கூடாது. ஆனா ஃபில்டர் நிலைக்காத தொட்டியில முதல் நாளே யூவி மாட்டாதீங்க. அதோட, உரத்த யூவி எடுக்காது. தண்ணி தெளிஞ்சதும் வெளிச்சம் அடிவரைக்கும் போய் நூல் பாசி கிளம்பும், நிறைய பேர் அப்புறம் அத வச்சு வருத்தப்படறாங்க. நிழல், தீனி, ஃபில்டர், செடி சரி பண்ணிட்டு அதுக்கப்புறமும் தெளியலன்னாதான் யூவி. அக்கா வீட்டுல தேவைப்படவே இல்ல.

ஒரு பச்சைக்கு மட்டும் உடனே பயப்படணும். தண்ணி மேல பெயிண்ட் கொட்டின மாதிரி நீலம் கலந்த பச்சை ஆடை படிஞ்சு, ஒரு கெட்ட நாத்தம் வந்தா அது வேற கேஸ், நீலப்பச்சைப் பாசி, சிலது விஷம் விடும். ஒரு பாட்டில்ல பிடிச்சு அசைக்காம ராத்திரி பூரா வச்சுப் பாருங்க, காலையில பச்சையெல்லாம் மேல ஏறி மோதிரம் மாதிரி நின்னா பெரும்பாலும் அதுதான். நாய், மாட்ட அந்தத் தண்ணிய குடிக்க விடாதீங்க, கை வைக்கறப்ப கிளவுஸ் போடுங்க.

சாதாரணப் பச்சை அப்படி எதிரி இல்ல. ஜப்பான்ல ரஞ்சு வகை கோல்ட்ஃபிஷ் வளக்கறவங்க வேணும்னே பச்சைத் தண்ணியில வளக்கறாங்க, கலர் ஏறும்னு. சென்னை கொளத்தூர் மாதிரி கலர் மீன் தொழில் நடக்கற இடங்கள்ல குஞ்சு மீனுக்கு டாஃப்னியா, மொய்னான்னு கண்ணுக்குத் தெரியற சின்னப் பூச்சிய வளப்பாங்க, அதுக்குத் தீனியே இந்தப் பச்சைத் தண்ணி. அக்கா வீட்டுல இருந்து வாரா வாரம் எடுத்த தண்ணிய நான் ஒரு பழைய வாளியில விட்டு டாஃப்னியா போட்டேன், கொஞ்ச நாள்ல பச்சை போய் தண்ணி டீத்தண்ணி கலர்ல தெளிஞ்சு, உள்ள புள்ளி புள்ளியா துள்ளிக்கிட்டு இருந்துச்சு. நேரா தொட்டியில விட்டா வேலைக்கு ஆகாது, கோல்ட்ஃபிஷ் அஞ்சு நிமிஷத்துல தின்னுடும். வாளியில வளத்து வலைப்போட்டு எடுத்துப் போட்டா மீனுக்கு அதவிட நல்ல தீனி இல்ல.

புதுசா தொட்டி கட்டப்போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. சிமெண்ட் சுண்ணாம்ப விடும், பிஎச் ஏறும், அதனால வாழைமரத் தண்டு வெட்டிப் போட்டு வாரக்கணக்குல ஊற வச்சு ரெண்டு மூணு தடவை தண்ணி மாத்தினப்புறம்தான் மீன். இறைக்கச் சொல்றது இந்த ஒரு சமயத்துக்கு மட்டும்தான். தொட்டி விளிம்பு தரையவிட முக்கால் அடியாவது உயரமா இருக்கட்டும், வழியறதுக்கு வலை கட்டின ஒரு பைப்பும் வைங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலப்ப பாண்டியில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, கடலூர்ல பெண்ணையாத்து வெள்ளம் வேற, தரை மட்டத்துல தொட்டி வச்சிருந்தவங்க மீனெல்லாம் சாக்கடையோட போச்சு. ஐப்பசி கார்த்திகையில வெயிலும் குறையும், தண்ணியும் குளிரும், பச்சை தானாவே அடங்கும், அத வச்சு எல்லாம் சரியாயிடுச்சுன்னு தீனிய கூட்டிடாதீங்க, தை பொறந்து வெயில் வந்ததும் அத்தனையும் சேத்து வாங்கும்.

அப்புறம், யாராவது ஆகாயத்தாமரை கொடுத்தா வாங்கிப் போடறதுக்கு முன்னாடி யோசிங்க. உரத்த உறிஞ்சறதுல அத மிஞ்ச ஆளில்ல, உண்மைதான், ரெண்டு வாரத்துல ரெண்டு மடங்காகும், ஆனா அதிகமானத என்ன பண்ணுவீங்க? கெடிலம் ஆத்துலயோ பக்கத்து வாய்க்கால்லயோ தூக்கிப் போட்டா அங்க தண்ணி ஓட்டத்தையே அடைச்சிடும், மழைக்கு வெள்ளம் ஊருக்குள்ள வரும். வச்சிருந்தா வாரா வாரம் பிடுங்கி, வெயில்ல காய வச்சு, குப்பைக் குழியில போட்டு மக்க விடுங்க.

மாமா இப்ப கோய் மீன் ரெண்டு வாங்கலாமான்னு கேக்கறாரு. தண்ணி தெளிஞ்சதும் எல்லாருக்கும் வர்ற ஆசை அது. வேண்டாம்னு சொல்லியிருக்கேன், கோய் ரெண்டடி வரைக்கும் வளரும், இந்தத் தொட்டியோட ஆழமே ரெண்டடிதான், அது போடற கழிவுக்கு அந்த டிரம் தாங்காது. அதுக்குப் பதிலா இன்னொரு வெட்டிவேர் சட்டம் கட்டலாம்னு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காரு, பிவிசி பைப் வாங்கி வச்சுட்டாராம்.